வால் சொன்ன சாட்சி

"நாயோட வாலைப் பாருங்க சார்னு சொன்னா, நீங்க மாப்பிள்ளையப் பாத்துட்டிருக்கீங்க," என்றான் கம்பி.

மாஜி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கம்பி சொன்னது நிஜம்தான். படத்தில் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் ஒரு போலீஸ் நாய். ஆனால் மாஜியின் கண் போய் ஒட்டிக்கொண்டது வரிசையில் மூன்றாவதாக நின்ற, அப்போது அவருக்குக் கீழே வேலை பார்த்த சின்னவர் மேல். அப்போதே எத்தனை அடர்த்தியான முடி! இப்போதும் அது கொட்டவில்லை என்று கேள்வி. கொட்டியது எல்லாம் மாஜிக்குத்தான். ஏழு வருஷ ஜெயில் தண்ணீருக்கு வேறென்ன மிஞ்சும்?

மாஜி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஜெயிலில் வார்டன்கள் வைத்தது. முன்னாள் துப்பறியும் அதிகாரி, முன்னாள் புருஷன், முன்னாள் அப்பா. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேராக வைத்துவிட்டால் கூப்பிடச் சௌகரியம். அவர் பார்த்த வேலையில் இப்போது சின்னவர் இருக்கிறார். அவர் இருந்த வீட்டிலும் சின்னவர்தான் இருக்கிறார். அவர் தாலி கட்டிய பெண் இன்று சின்னவரின் மனைவி. அவர் பெற்ற மகள் சின்னவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று யாரும் மாஜிக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு வயிறெரிவதை விட, கேட்காமலே எரிவது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

"வக்கீல் என்ன சொன்னாரு? புதுசா ஒரு சாட்சி கொண்டு வாங்க, இல்லேன்னா கேஸை மறந்துட்டு ஏதாவது கடை வைங்கன்னு சொன்னாரில்ல?" கம்பி விடவில்லை. "சாட்சி இதோ ஆடிட்டிருக்கு. பாருங்க."

கம்பியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு துண்டுக் கம்பியால் எந்தப் பூட்டையும் திறப்பவன். ஜெயிலில் மாஜியின் அறைத் தோழன். வெளியே வந்ததும் தொழிலை விட்டுவிட்டு மாஜிக்கு உதவியாளன் ஆகிவிட்டான். வாயை மட்டும் விடவில்லை.

மாஜி படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். இந்தப் படம் அவருக்குப் புதிதில்லை. வழக்கு நடந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். போலீஸ் ஒளித்து வைத்திருந்த சாட்சி ஒருவன் லாட்ஜ் அறையில் தலையணையால் அமுக்கிக் கொல்லப்பட்டான். கடத்தல் கும்பலின் கூட்டாளியாக இருந்து மனம் மாறியவன். அவன் எந்த லாட்ஜில் இருக்கிறான் என்பது ஐந்தே பேருக்குத்தான் தெரியும். மாஜி, சின்னவர், ஸ்டேஷன் ரைட்டர், போலீஸ் டாக்டர், ஜீப் டிரைவர். பிணத்தின் பக்கத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தது. ஐந்து பேரையும் ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தி, கைக்குட்டையை நாய்க்கு மோப்பம் காட்டினார்கள். நாய் ஒவ்வொருவராக மோந்துகொண்டே வந்து, வரிசைக் கடைசியில் இருந்த மாஜி முன்னால் போய் நின்றது. "இவர்தானா?" என்று பெரிய அதிகாரி கேட்க, நாயைப் பழக்கிய மாஸ்டர் "ஆமா" என்றார். அத்தோடு கதை முடிந்தது.

"பத்திரிகைக்காரன் இடம் பத்தலேன்னு ஓரத்தை வெட்டிட்டான் சார். வெட்டினதுல நாய்க்கு வால் போச்சு. இது ஸ்டுடியோல இருந்த முழுப் படம். கெஞ்சி வாங்கினேன், திருடல, சத்தியமா."

முழுப் படத்தில் எல்லாம் துல்லியமாக இருந்தது. சட்டைப் பொத்தான் தெரிந்தது, டிரைவரின் மீசை தெரிந்தது, மாஜியின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. நாயின் வால் மட்டும் கலங்கல். தண்ணீர் பட்ட மை மாதிரி ஒரு விசிறல்.

மாஜி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஆட்டிட்டிருந்திருக்கு."

"அப்பாடா, மண்டையில விழுந்துடுச்சு!" என்றான் கம்பி. "இப்ப எனக்கு விளக்குங்க. நாய் வாலை ஆட்டாம, பின்ன என்னத்தை ஆட்டும்?"

"பழக்கின நாய் ஆட்டாதுடா. மோப்பம் பிடிச்ச ஆள் முன்னால நின்னா அப்படியே உறைஞ்சு போயிடும். வால் கம்பி மாதிரி விறைச்சு நிக்கும்."

"என் பேரை ஏன் சார் நாய் வாலோட சேக்கறீங்க?"

"மாஸ்டர் தட்டிக் கொடுக்கற வரைக்கும் அது அசையவே கூடாது. அது அவங்க வேலை முறை. இந்த நாய் என்னைக் காட்டிக் கொடுக்கல. என்னைக் கொஞ்சியிருக்கு."

கோர்ட்டில் மாஜி இதைத்தான் சொன்னார். மோப்ப நாய் தன்னைப் பழக்கியவர் கையைத் தவிர வேறு கையில் தின்னக் கூடாது என்பது சட்டம். மாஜி அந்தச் சட்டத்தை மீறினார். ஸ்டேஷனுக்கு அந்த நாய் வரும்போதெல்லாம், மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ஒரு பிஸ்கெட். வீட்டில் நாய் வளர்க்க மனைவி விடவில்லை, அந்த ஆசையை அரசாங்க நாயிடம் தீர்த்துக்கொண்டார். அதனால்தான் என்னிடம் வந்தது என்று கோர்ட்டில் சொன்னபோது, மாஸ்டர் கூண்டில் ஏறி, என் நாய் என் கையைத் தவிர எவன் கையிலும் வாய் வைக்காது என்று சத்தியம் செய்தார். மாஜியை நாய் அருகே விடவில்லை, குமாஸ்தா ஒருவர் கையில் கறித்துண்டைக் கொடுத்து நீட்டச் சொன்னார்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோர்ட்டே சிரித்தது.

"அப்ப மாஸ்டரைப் பாக்கணும்," என்றான் கம்பி.

"மாஸ்டர் பொய் சொன்னாரு. யாரோ சொல்ல வச்சிருக்காங்க." மாஜியின் விரல் படத்தில் மூன்றாவது ஆள் மேல் போய் உட்கார்ந்தது. "வேற யாரு? நான் உள்ள போனதுல எல்லாமே கிடைச்சது இவனுக்குத்தான?"

"துப்பறியறவர் நீங்க. ஆனா ஒண்ணு சார், நீங்க எந்தத் துப்பை எடுத்தாலும் அது அவர் வீட்டு வாசல்லயே போய் நிக்குது. பஸ்ஸுக்குக்கூட நாலு ஸ்டாப்பிங் இருக்கும்."

மாஜிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் செருப்பைத் தேடுவார். அடிக்க இல்லை, கிளம்ப.

மாஸ்டர் ஓய்வு பெற்றபின், ஊருக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய்களைப் பார்த்துக்கொண்டு பிழைப்பை நடத்துகிறார். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை, கம்பி வலைக் கூண்டுகள், அலுமினியக் கிண்ணங்கள், பினாயில் வாடையையும் மீறி ஈர ரோமத்தின் வாடை. வாசல் கேட்டைத் தொட்டதும் பத்துப் பதினைந்து தொண்டைகள் ஒரே நேரத்தில் திறந்தன. கம்பி மாஜியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"குரைக்கிற நாய் கடிக்காதுடா."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும் சார். அதுங்களுக்குத் தெரியுமா?"

கதவைத் திறந்தவள் மாஸ்டரின் மனைவி. கையில் ஒரு சீப்பு, சீப்பு நிறைய நாய் முடி.

"நாயை விடணுமா? எங்க நாய்?"

"நாங்க மாஸ்டரைப் பாக்க வந்தோம் அக்கா," என்றான் கம்பி.

"அவரா? துரை பக்கத்துல உக்காந்திருக்காரு. துரை நாலு நாளா சாப்பிடலையாம், அவரும் சாப்பிடல. போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு வேளையும் வக்கணையா சாப்பிட்டாரு." அவள் சீப்பை உதறினாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல எனக்கு ரெண்டாமிடம். மொத இடம் நாலு காலு. வாங்க."

துரை என்பது அந்த நாய். அதே நாய். உயிரோடு இருக்கிறதா என்று மாஜி ஒரு கணம் நின்றுவிட்டார்.

உள்ளறையில் ஜன்னலோரம் ஒரு பழைய மெத்தை. மேலே துரை. முகமெல்லாம் நரைத்து, இரண்டு கண்ணிலும் பால் படிந்து, விலா எலும்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் மாஸ்டர், மடியில் ஒரு கிண்ணத்தில் பாலில் ஊறிய ரொட்டி. ஒரு துண்டை எடுத்து நாயின் வாயருகே கொண்டுபோவார், அது திருப்பிக்கொள்ளும், அவர் அடுத்த துண்டை எடுப்பார்.

நிமிர்ந்து பார்த்தார். மாஜியை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் மூடிய கடை மாதிரி ஆகிவிட்டது.

"உங்களுக்கு இங்க என்ன சார் வேலை?"

"ஒரு படம் காட்டணும்." மாஜி படத்தை நீட்டினார். "வாலைப் பாருங்க மாஸ்டர்."

மாஸ்டர் பார்த்தார். பார்க்காதது போலத் திருப்பிக் கொடுத்தார். "காமிரா கோளாறு."

"கோளாறு வாலுக்கு மட்டும் வருமா? உங்களை யாரு பொய் சொல்ல வச்சது? சின்னவர்தான?"

"என்னை யாரும் எதுவும் சொல்ல வைக்கல. என் நாய் என் கையைத் தவிர..."

மெத்தையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. டப், டப் என்று.

துரையின் வால்.

காது கேட்காத, கண் தெரியாத அந்த நாய் மூக்கை மட்டும் மாஜியின் பக்கம் தூக்கிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு முன்னங்கால்களை ஊன்றியது. வழுக்கியது. மறுபடி ஊன்றி எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து மாஜியின் கால் மேல் மூக்கை வைத்தது. வைத்துவிட்டு, வலது முன்னங்காலைத் தூக்கியது. பிஸ்கெட் கேட்கும்போது அது தூக்கும் கால்.

 

மாஸ்டரின் மடியிலிருந்த கிண்ணம் சரிந்து பால் தரையில் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். தன் பழைய வீட்டின் எதிர்ச்சாரியில் நின்று, மாடி விளக்கை அண்ணாந்து பார்க்கும்போது தன் முகத்தில் இருப்பது அதே பார்வைதான்.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றார் மாஸ்டர். குரல் உடைந்திருந்தது. "அன்னிக்கும் இதே மாதிரிதான் ஓடிச்சு. குட்டியில புட்டிப்பால் குடுத்தது நான். காய்ச்சல்னா ராத்திரி பூரா மடியில வச்சிருந்தது நான். என்னைக் கண்டா எழுந்து நிக்கும், சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். ஒரு நாள் இப்படி வாலாட்டியிருக்குமா? ஒரே ஒரு நாள்? நீங்க ரெண்டு பிஸ்கெட்டைப் போட்டுட்டு..."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"அது வாயில ஒட்டியிருந்த பிஸ்கெட் தூள்கூடத் தெரியும். உங்க ஜீப் சத்தம் கேட்டா அது காது நிமிர்றதும் தெரியும். நான் என்ன குருடா? அத்தனை அதிகாரிங்க முன்னால, வேலையைப் பாதியில விட்டுட்டு உங்ககிட்ட ஓடுது சார். என் மானம் போச்சு. 'இவர்தானா?'ன்னு கேட்டாங்க. வயிறு எரிஞ்சுது. ஆமான்னுட்டேன்."

ஆமா. ஒரே வார்த்தை. அதில் மாஜியின் ஏழு வருஷம், வேலை, வீடு, எல்லாம் போயின. எந்தச் சதியும் இல்லை, எந்தக் கும்பலும் இல்லை. ஒரு நாய் தன்னை விட இன்னொருத்தனிடம் அன்பாக இருந்ததைப் பொறுக்காத ஒரு மனுஷன். மாஜி அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கத்தான் நினைத்தார். ஆனால் நாய் இன்னும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"வேலையைப் பாதியில விட்டுட்டுன்னு சொன்னீங்களே," என்றார் மாஜி, கோபத்திலும் காது மட்டும் பழைய போலீஸ் காது. "எந்தப் பாதியில?"

மாஸ்டர் சரிந்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு முன்னாடி வேற யார் முன்னால நின்னுது? சொல்லுங்க. சின்னவர்தான?"

"முதல்ல அதுக்கு ஊட்டுங்க," என்றார் மாஸ்டர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "உங்க கையில தின்னும். நாலு நாளா ஒரு வாய் இறங்கல. ஊட்டுங்க, நான் கோர்ட்டுலயே வந்து சொல்றேன்."

மாஜி உட்கார்ந்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தார். துரை முகர்ந்தது, நக்கியது, தின்றது. அடுத்த துண்டு. அதற்கடுத்த துண்டு. மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் புருஷன் மேல் இரக்கம் வந்தது போலிருந்தது. இருந்தாலும், "எனக்காக இப்படி ஒரு சொட்டு விட்டிருப்பீங்களா?" என்று முணுமுணுக்கத் தவறவில்லை.

"சின்னவரை அது திரும்பிக்கூடப் பாக்கல," என்றார் மாஸ்டர். "மோந்துட்டு நகர்ந்துடுச்சு. நாலாவது ஆள் முன்னாலதான் உறைஞ்சுது. வால் விறைச்சு, காது விறைச்சு. சரியான பிடி. நான் தட்டிக் கொடுக்கப் போனேன், அதுக்குள்ள காத்துல உங்க வாடை. உங்ககிட்ட ஓடிடுச்சு."

கம்பி படத்தைப் பிடுங்கிப் பார்த்தான். "நாலாவது ஆள் மீசைக்காரன் சார்."

ஜீப் டிரைவர்.

மாஜியின் தலைக்குள் ஒவ்வொன்றாக விழுந்தது. கும்பலைப் பிடிக்கப் போன ரெய்டு எல்லாவற்றிலும் பறவை முன்கூட்டியே பறந்திருந்தது. எங்கே போகிறோம் என்று முதலில் தெரிவது டிரைவருக்குத்தானே? மனம் மாறிய சாட்சி வாயைத் திறந்தால் முதலில் வெளிவரும் பேரும் அவன் பேராகத்தான் இருந்திருக்கும். இத்தனை எளிதான கணக்கை ஏழு வருஷமாகப் போடவில்லை. போடவிடாமல் கண்ணை மறைத்தது ஒரு அடர்த்தியான தலைமுடி.

"அப்பவே சொன்னேன்," என்றாள் மாஸ்டரின் மனைவி. "அந்த மனுஷன் வரும்போதெல்லாம் சொன்னேன், உண்மையைச் சொல்லித் தொலைங்கன்னு. இவரு கேட்டாத்தான?"

"எந்த மனுஷன்?"

"சின்னவர்னு சொல்றீங்களே, அவருதான். வருஷா வருஷம் வந்துடுவாரு. இதே படத்தைத் தூக்கிட்டு, இதே வாலைக் காட்டி. 'அவர் செஞ்சிருக்க மாட்டாரு மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா போதும்'னு கை எடுத்துக் கும்பிடுவாரு. ஸ்டுடியோக்காரன்கிட்ட அந்தப் பிலிமைத் தூக்கிப் போடாம வச்சிருக்கச் சொன்னதே அவருதானாம்."

மாஜி ரொட்டித் துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நன்றி வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். வரவில்லை. வந்தது முன்பைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். வேலையை எடுத்துக்கொண்டான், வீட்டை எடுத்துக்கொண்டான், நல்லவன் என்ற பேரையுமா எடுத்துக்கொள்ள வேண்டும்? கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

"சார்," கம்பி மெதுவாகச் சொன்னான், "அவரைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். டிரைவர் எங்க இருக்கான்னு கேளுங்க."

"அவன் எங்க போயிடப் போறான்?" என்றாள் அவள். "போன தடவை வந்தப்பக்கூட அவன்தான் சின்னவரோட காரை ஓட்டிட்டு வந்தான். அவன் ரிட்டயர் ஆனதும் சின்னவர் வீட்டு வண்டிக்கு வச்சுக்கிட்டாராம், பழைய ஆள்னு. அவன் வாசல் கேட் பக்கம் வந்து நின்னதும், படுத்திருந்த இந்தக் கிழம் எழுந்து போயி, அவன் முன்னால விறைச்சுக்கிட்டு நின்னுது. இவரு பதறிப் போயி உள்ள இழுத்துட்டு வந்தாரு. அவன் நாயையே பாத்துட்டிருந்தான்."

மாஜி எழுந்தார். வீட்டு வண்டி. வீட்டு வண்டியில் யாரெல்லாம் போவார்கள்? யோசிக்கப் பயமாக இருந்தது.

"சின்னவர் நம்பர் இருக்கா?"

"எப்ப மனசு மாறினாலும் கூப்பிடுங்கன்னு குடுத்துட்டுப் போயிருக்காரே. வீட்டு நம்பர்." அவள் செல்போனில் தேடி, அழுத்திக் கொடுத்தாள்.

மணி அடித்தது. மாஜி என்ன பேசுவது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டார். சின்னவரிடம் பேச வேண்டிய வார்த்தைகளை ஏழு வருஷமாக அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாம் வசவுகள். இப்போது ஒன்றுகூட உதவவில்லை.

"ஹலோ?"

ஆண் குரல் இல்லை. ஒரு சிறுமியின் குரல். கடைசியாகக் கேட்டபோது இந்தக் குரலுக்கு 'ர' வராது. இப்போது தெளிவாக, அவசரமாக, வளர்ந்த பெண்ணின் குரலாக இருந்தது.



"ஹலோ, யாரு பேசறீங்க?"

தெரியவில்லை. அவளுக்கு அவர் குரல் தெரியவில்லை.

"நான்... பழைய டிபார்ட்மெண்ட் ஆளும்மா. உங்க வீட்டு டிரைவர் எங்க இருக்காரு?"

"டிரைவர் மாமாவா? வண்டியில இருக்காரு. நான் டான்ஸ் கிளாசுக்குக் கிளம்பிட்டேன், கேட்டுக்கு வெளிய நின்னு ஹாரன் அடிக்கிறாரு. கூப்பிடவா அங்கிள்?"

போனில் ஹாரன் கேட்டது. நீளமாக ஒரு தடவை. பொறுமை இழந்து இன்னொரு தடவை. அதற்குப் பின்னால், வீட்டுக்குள்ளே எங்கோ ஒரு ஆண் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. சின்னவரின் சிரிப்பு, மாஜி ஒரு நிமிஷம்கூட வெறுக்காமல் விட்டிராத சிரிப்பு.

"வேண்டாம்மா. கூப்பிடாத. நீ வாசலுக்கே போகக் கூடாது, கண்ணு. கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு."

"ஏன்? நீங்க யாரு?"

எதிரே கம்பி நின்றான். மாஸ்டர் நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். சொல்லிவிடலாம். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷம் அதற்காகத்தானே காத்திருந்தார்? ஆனால் அவள் நம்புவாளா, பயப்படுவாளா, போனை வைத்துவிட்டு வெளியே ஓடுவாளா? ஹாரன் மறுபடி அடித்தது.

மாஜி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடிப்போய் உங்க அப்பாவைக் கூப்பிடும்மா."